உட்காராத மகராசி

ஏரலில் இப்போதெல்லாம் விடிவதற்கு முன்பே ஆட்கள் நடக்கக் கிளம்பிவிடுகிறார்கள். காலில் வெள்ளை ஷூ, கையில் அடி எண்ணுகிற கடிகாரம், காதில் பாட்டு. ஆற்றுப் பாலம்வரை போய்த் திரும்பினால் எத்தனை அடி என்று ஒருவருக்கொருவர் கணக்கு ஒப்பிக்கிறார்கள். "டீச்சர், நீங்களும் வரலாம்லா? டாக்டர்மாரெல்லாம் நடக்கத்தான சொல்லுதாவ" என்று போன வாரம் ஒருவர் கூப்பிட்டார். "பாக்கலாம்" என்றேன். முந்தின ராத்திரி பத்தரையிலிருந்து இரண்டே முக்கால்வரை எங்கள் வீட்டுத் தார்சாவில் நான் நடந்து முடித்திருந்ததைச் சொல்லவில்லை.

1979இல் இதே ஊரில் இதே நடைக்காக என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அப்போது மூத்தவன் வயிற்றில் ஏழு மாதம். பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டு பாடம் நடத்துவேன், ஒன்றும் தெரியாது. ராத்திரி பாயில் படுத்துப் பத்து நிமிஷம் ஆனதும் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர ஆரம்பிக்கும். வலி என்று சொல்ல முடியாது. அரிப்பும் இல்லை, மரத்துப்போவதும் இல்லை. தோலுக்குக் கீழே, சதைக்கும் கீழே, சொறிய முடியாத ஆழத்தில் எறும்பு சாரை போகிற மாதிரி இருக்கும். காலை உதறினால் ஒரு நொடி நிற்கும். எழுந்து நாலு அடி நடந்தால் ஓடியே போய்விடும். மறுபடி படுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். இதில் பெரிய சங்கடம், டாக்டரிடம் காட்டுவதற்கு நடந்துதான் போகவேண்டும். நடந்தால் நோய் போய்விடும். பகல் பதினோரு மணிக்கு டாக்டர் முன்னால் நிற்கிற கால் உலகத்திலேயே யோக்கியமான கால்.

எங்கள் பக்கத்தில் இதைக் குடைச்சல் என்பார்கள், உளைச்சல் என்றும் சொல்வார்கள். "ராத்திரியெல்லாம் கால் உளைஞ்சு எடுத்துட்டு" என்று கிழவிகள் புலம்பிக் கேட்டிருக்கிறேன். இந்தக் காலத்துப் பத்திரிகைகளில் உளைச்சல் மனசுக்கு மட்டும்தான் வருகிறது. காலுக்கு இருந்த ஒரே சொல்லையும் மனசு எடுத்துக்கொண்டுவிட்டது.

சின்ன வயதிலேயே எனக்கு அது லேசாக இருந்திருக்க வேண்டும். "ஏட்டி, ஒக்காந்த எடத்துல என்ன காலாட்டம்? குடும்பத்துக்கு ஆகாது" என்று ஆச்சி தொடையில் ஒன்று வைப்பாள். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்று பழமொழி வேறு சொல்லுவாள். நான் ஒருநாளும் ஆடினதில்லை. ஆடாத கால் ஏன் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அவளிடம் பழமொழி இல்லை.

ஆச்சியிடம் வைத்தியம் மூன்று இருந்தது. முதலாவது, பழைய சேலையைக் கிழித்து இரண்டு கெண்டைக்காலிலும் இறுக்கிக் கட்டுவது. தூத்துக்குடியில் முத்துக் குளிக்கிறவர்கள் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை வைத்துக் கடலுக்குள் இறங்குவார்கள் என்று கதை சொல்லியபடியே கட்டுவாள். (1961ஓடு அந்தக் குளிப்பு நின்றுபோனது.) அப்படியொரு கல் கிடைத்தால் நானும் ஒரே மூச்சில் தூக்கத்துக்குள் இறங்கிவிடுவேனே என்று ஏக்கமாக இருக்கும். இரண்டாவது, தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காலை மிதிக்கச் சொல்வது. ஆளுக்கு ஐந்து காசு. மிதிக்கிறவரை சொர்க்கம், காசை வாங்கிக்கொண்டு அவன் இறங்கினதும் எறும்பு ஏறிக்கொள்ளும். மூன்றாவது, கசகசா அரைத்துப் போட்ட பால்.

கல்யாணமாகி வந்த வீட்டில் மாமியாருக்கு இதெல்லாம் போதவில்லை. "புள்ளத்தாச்சி நடுச்சாமத்துல நடமாடுதான்னா காத்து கருப்புதான்" என்று முடிவுகட்டி, அந்த வருஷம் ஆடி அமாவாசைக்குச் சேர்மன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். சேர்மன் அருணாசல சுவாமி 1880இல் பிறந்து, 1906இல் ஏரலுக்குச் சேர்மனாகி, 1908 ஆடி அமாவாசையன்று 28 வயதுகூட நிரம்பாமல் மறைந்தவர். பதவியில் இருந்தவரைப் பதவி போன பிறகும் நம்புகிற ஊர் எங்களுடையது. ஆற்றில் குளித்து, நாலு மணி நேரம் வரிசையில் நின்று, கோயில் திருமண்ணைக் கெண்டைக்காலில் பூசினோம். "இப்ப எப்படியிருக்கு?" என்றாள் அத்தை. "ஒண்ணுமில்ல அத்தை" என்றேன். "பாத்தியா, கைமேல காட்டிட்டாரு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாலு மணி நேரம் நின்ற காலில் உளைச்சல் எப்படி இருக்கும்? ராத்திரி படுத்தேன், வந்தது. ஆனால் பிள்ளை பிறந்த சில வாரத்தில் தானாகவே போய்விட்டது. கர்ப்பத்தில் வருகிற உளைச்சல் பெரும்பாலும் அப்படித்தான் போகும் என்று பிற்பாடு டாக்டர்கள் சொன்னார்கள். அத்தையின் கணக்கில் அது சேர்மனுக்குத்தான் வரவு. 1982இல் இளையவளோடு திரும்பி வந்தது, அப்புறம் போகவேயில்லை. அதை யார் கணக்கிலும் அவள் எழுதவில்லை.

அடுத்து வைத்தியர். அவர் காலைப் பார்க்கவே இல்லை. கீழிமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் சுண்டிப்போச்சும்மா" என்றார். தேனில் குழைக்க அன்னபேதிச் செந்தூரம், எலும்புக்கு முத்துச்சிப்பிப் பற்பம், வாயுவுக்கு ஒரு சூரணம், மேலே தேய்க்க ஒரு தைலம். பக்கத்துக் கொற்கையின் முத்து ரோமாபுரிவரை போயிற்று என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற எனக்கு வாய்த்தது சிப்பி. நாலாம் நாள் மலம் கருப்பாகப் போனதும் பயந்துபோய், ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது செந்தூரப் பொட்டலத்தைத் தாமிரபரணியில் விட்டுவிட்டேன்.

இங்கிலீஷ் மருந்து டாக்டர் அதைக் கேட்டுச் சிரித்தார். வாரம் ஒன்றாகச் சிவப்பு நிறத்தில் பி காம்ப்ளெக்ஸ் ஊசி போட்டார். தூக்கத்துக்கு என்று, சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற மாத்திரையில் பாதியைத் தந்தார். அதைப் போட்டால் கண் சொருகும், கால் பேயாட்டம் ஆடும். அந்த வகை மாத்திரைகள் இந்த உளைச்சலைக் கிளப்பிவிடும் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான், பாதி போதவில்லை போலிருக்கிறது என்று முழுசாகப் போட்டுக்கொண்டேன்.

இந்த நாட்களில்தான் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஆழ்வார்திருநகரிக் கோயிலுக்குள் நுழைந்தோம். நம்மாழ்வார் பதினாறு வருஷம் புளியமரத்தடியில் ஆடாமல் அசையாமல் யோகத்தில் இருந்தார் என்று அர்ச்சகர் சொன்னார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், 'நீ பதினாறு நிமிஷம் இரு, பார்க்கலாம்' என்று எழுதியிருந்தது. அந்த மரத்துக்குப் பேர் உறங்காப்புளி. மற்றப் புளியமரங்கள் பொழுது சாய்ந்தால் இலையை மூடிக்கொள்ளும், இது மூடாதாம். எல்லோரும் ஆழ்வாரைக் கும்பிட்டார்கள். நான் மரத்தைக் கும்பிட்டேன்.

1994இல் நோய் காலிலிருந்து மனசுக்கு மாற்றலாகியது. ரத்தம் சரி, நரம்பு சரி, எக்ஸ்ரே சரி. எல்லாம் சரியாக இருந்தால் மனசுதானே சரியில்லை? பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் அமிட்ரிப்டிலின் எழுதினார். மனசு நன்றாகத் தூங்கியது. தூங்குகிற மனசை இடுப்பில் தூக்கிக்கொண்டு ராத்திரி பூராவும் நடப்பது எப்படி என்று அப்போது பழகினேன். அந்த மாத்திரையும் உளைச்சலைக் கூட்டுகிற கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

2009இல், திருநெல்வேலியில் ஒரு சின்ன வயது நரம்பியல் டாக்டர் என்னிடம் நாலே கேள்வி கேட்டார். காலை ஆட்டணும்போல இருக்கா? உட்கார்ந்தா, படுத்தா வருதா? நடந்தா போகுதா? பொழுது சாய்ஞ்சா கூடுதா? நாலுக்கும் ஆமாம் என்றேன். "ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்" என்றார். முப்பது வருஷம் காத்திருந்தது இரண்டு நிமிஷத்துக்கு.

பெயர் கிடைத்ததும் சொந்தக்காரர்களும் கிடைத்தார்கள். 1672இலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் இதை லத்தீனில் எழுதிவைத்திருக்கிறார். கொடுத்த மருந்து அபினிக் கரைசல். ஆச்சியின் கசகசாவும் அதே செடியின் விதைதான், போதை மட்டும் அதில் இல்லை. 1945இல் சுவீடனில் கார்ல்-அக்செல் எக்போம் நோயாளிகளை வரிசையாகப் பார்த்து விவரமாக எழுதி இந்தப் பெயரை வைத்தார். அவர் பெயர் வைத்து 34 வருஷம் கழித்துத்தான் அத்தை 'காத்து கருப்பு' என்று வைத்தாள். சேதி ஏரலுக்கு வந்துசேரப் பஸ் கிடைக்கவில்லை போலும்.

மாத்திரையின் பெயர் ரோபினிரோல். கைநடுக்க நோயான பார்க்கின்சனுக்கு உண்டானது. 2005இல்தான் அமெரிக்காவில் இந்தக் காலுக்கும் அனுமதி கொடுத்திருந்தார்கள். மருந்துக்கடைப் பையன், "டீச்சர், வீட்டுல யாருக்குக் கை நடுங்குது?" என்றான். முதல் ராத்திரி 0.25 மில்லிகிராம். பாயில் படுத்தேன். பத்து நிமிஷம் காத்திருந்தேன். எறும்பைக் காணோம். விடிந்து பால்காரர் மணியடித்தபோதுதான் விழித்தேன். பயந்து எழுந்து காலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். இருந்தது.

மூன்று வருஷம் ராஜபோகம். மாத்திரை மட்டும் காலாகி, அரையாகி, ஒன்றாகி, இரண்டானது. அதற்கிடையில் பஜாருக்குப் போகிறபோதெல்லாம் எனக்குப் பாத்திரம் வாங்க வேண்டும்போல இருந்தது. ஒரு குத்துவிளக்கில் ஆரம்பித்தேன். எவர்சில்வர் தூக்குப்போணி ஒன்பது. பத்து லிட்டர் குக்கர் மூன்று. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். "யாருக்குடி சமைக்கப்போற? ஊருக்கா?" என்றார் வீட்டுக்காரர். இந்த வகை மருந்து சிலருக்கு அடக்க முடியாத ஆசையைக் கிளப்பிவிடும் என்று டாக்டர் பிறகு சொன்னார். வெளிநாடுகளில் சூதாடிப் பெருந்தொகை தோற்று வழக்குப் போட்டவர்கள்கூட உண்டு. ஏரலில் எனக்கு வாய்த்த சூதாட்டம் பாத்திரக்கடைதான்.

அதைவிடப் பெரிய வேடிக்கை பின்னால் வந்தது. ராத்திரி பத்து மணிக்கு வந்துகொண்டிருந்த குடைச்சல் எட்டுக்கு வந்தது, ஆறுக்கு வந்தது, கடைசியில் மத்தியானம் சோறு தின்று உட்கார்ந்தவுடனேயே வந்தது. கெண்டைக்காலில் இருந்தது தொடைக்கு ஏறிக் கைக்கும் போனது. நோய் முற்றுகிறது என்று மாத்திரையைக் கூட்டினோம். கூட்டக் கூட்டக் கூடியது. ஆக்மென்டேஷன் என்று இதற்கு 1996இலேயே பேர் வைத்துவிட்டார்கள்: நோயை அடக்குகிற மருந்தே நாளாவட்டத்தில் நோயை வளர்ப்பது. வேலி பயிரை மேய்ந்தது. நானோ, பயிர் குறைகிறதென்று வேலியை இன்னும் உயரமாகக் கட்டிக்கொண்டிருந்தேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. விடாத மழை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதாக அப்புறம் சொன்னார்கள். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. முன்பொரு நாள் நான் செந்தூரத்தை விட்ட ஆறு, இப்போது தானே வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனது. பாலம் உடைந்தது, கரண்டு இல்லை, போன் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே நூற்றுக்கணக்கான ஆட்களோடு நின்றுபோயிருந்தது. தெருவில் மாடி இருந்த வீடு எங்களுடையதும் இன்னொன்றும். எங்கள் மாடி அறையிலும் வெளியே தார்ப்பாய்க்குக் கீழேயும் முப்பது பேர். இடுப்பில் சொருகியிருந்த அட்டையில் இரண்டு மாத்திரை. முதல் ராத்திரி இரண்டும் தீர்ந்தன.

இரண்டாம் ராத்திரி நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கும்மிருட்டு. சுற்றிலும் தண்ணீர் ஓடுகிற சத்தம். படுத்திருக்கிறவர்களின் தலைக்கும் காலுக்கும் இடையில் ஒற்றையடி வைக்கிற அகலத்தில் ஒரு வழி. பன்னிரண்டு அடி போனால் சுவர், திரும்பினால் பன்னிரண்டு அடி. வருஷக்கணக்காகத் தின்ற மாத்திரை திடீரென்று நின்றால் உளைச்சல் எப்படி இருக்கும் என்பதை அன்று கண்டேன். தோள்பட்டைவரை உடம்பு பூராவும் சாரை. "டீச்சர், என்ன தேடுதிய?" என்று ஒரு குரல். "ஒண்ணுமில்ல, நீ ஒறங்கு." கொஞ்ச நேரத்தில் எதிரிலிருந்து இன்னொரு ஆள் நடந்து வந்தார். எதிர்வீட்டு அண்ணாச்சி, எழுபதைத் தாண்டியவர். இருவரும் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டு, நாலாவது தடவை எதிர்ப்பட்டபோது அவரே சொன்னார்: "எனக்குக் காலு நிக்காது டீச்சர். சின்னப் புள்ளையிலேந்து. வெளிய சொன்னா சிரிப்பாகன்னு சொல்றதில்ல." நாற்பது வருஷமாக எதிரும் புதிருமாக இரண்டு வீட்டில் இரண்டு பேர் ராத்திரி நடந்துகொண்டிருந்திருக்கிறோம், நடுவில் ஒரு தெரு. ஹெலிகாப்டரில் சோற்றுப் பொட்டலம் வந்தது. மாத்திரை வரவில்லை. நாங்கள் விடியும்வரை ரோந்து போனோம்.

வெள்ளம் வடிந்து டாக்டரிடம் போனால், அவருடைய மேசையில் காற்று திசை மாறியிருந்தது. ரோபினிரோலைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, ஆனால் படிப்படியாக இறக்கிவிடலாம் என்றார். பதிலுக்குக் கபாபென்டின் தொடங்கினார். அதில் தலை கிறுகிறுக்கும், கால் வீங்கும். எறும்பு மட்டும் மெதுவாகப் போகும். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2025 தொடக்கத்தில் வெளியிட்ட வழிகாட்டியும் அதையே சொன்னது: ரோபினிரோல் வகையை வழக்கமாகக் கொடுக்கவேண்டாம், கபாபென்டின் வகையைக் கொடுங்கள், அதற்கும் முன்னால் உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று பாருங்கள். ஃபெரிட்டின் என்கிற அந்தச் சேமிப்பு 75 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுக்கச் சொல்கிறது. எனக்கு 18. ஹீமோகுளோபின் சரியாக இருந்ததால் அத்தனை வருஷமும் யாரும் சேமிப்பை எட்டிப் பார்க்கவில்லை. மூளையில் டோபமைன் என்கிற ரசாயனம் உண்டாக இரும்பு வேண்டும். அங்கே இரும்பு குறைந்தால் கால் இங்கே உளையும். போதாக்குறைக்கு, ராத்திரி நடக்கத் தெம்பு வேண்டுமென்று நான் குடித்த காபி உளைச்சலைக் கூட்டி, சாப்பாட்டிலிருந்து இரும்பு சேரவும் விடாமல் தடுத்திருக்கிறது.

தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் படுக்கவைத்துச் சிரையில் இரும்பு ஏற்றினார்கள். பாட்டிலில் கருப்பட்டித் தண்ணீர் நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பில் தொகையைப் பார்த்ததும் வைத்தியரின் பொட்டலம் ஞாபகம் வந்தது. அன்னபேதி என்பது இரும்பு உப்புதான். இரும்பு தின்றால் மலம் கருக்கும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் ஆற்றுக்குக் கொடுத்திருக்க மாட்டேன்.

இதை என் தம்பி மகனிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. "பாத்தீங்களா அத்தை, நம்ம முன்னோர்கள் முட்டாள்கள் இல்ல" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். முன்னோர்கள் முட்டாள்கள் இல்லைதான். ஆனால் வைத்தியர் செந்தூரம் கொடுத்தது வெளுத்த இமைக்கு. கால் அவர் கணக்கில் இல்லவே இல்லை. அதோடு சிப்பியும் சூரணமும் தைலமும் கொடுத்தார். காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழ இருந்தது. நான்தான் மரத்தடியை விட்டு ஓடிவிட்டேன். திருமண் பூசிய அத்தையும் ஊசி போட்டவரும் மனசு என்றவரும் ரோபினிரோல் தந்தவரும் தங்கள் கையில் இருந்ததைத்தான் தந்தார்கள். எல்லோருக்கும் ஒன்றில் மட்டும் ஒற்றுமை: "ராத்திரி நடக்காதே, படு." நாற்பத்தைந்து வருஷத்தில் ஒருநாளும் பொய்க்காத ஒரே மருந்து நடைதான். அதைத்தான் எல்லோரும் தடுத்தார்கள்.

டாக்டர் கடைசியாக ஒன்று கேட்டார். "உங்க வீட்ல வேற யாருக்காவது இருந்துதா? இது பெரும்பாலும் வழிவழியா வரும். 2007ல ஜீன்கூட கண்டுபிடிச்சாச்சு." "இல்ல டாக்டர்" என்று பட்டென்று சொன்னேன்.

ஏரல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழக்கம்போல் ஐந்தே நிமிஷத்தில் எழுந்து, என் இடத்தை ஒரு கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்தேன். "மகராசியா இருப்பீங்கம்மா" என்றாள் அவள். கம்பியைப் பிடித்து நின்றபோதுதான் உறைத்தது. அம்மா பஸ்ஸில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. யாருக்காவது இடம் கொடுத்துவிட்டு நிற்பாள். தோல்பாவைக் கூத்தைக் கடைசி வரிசையில் நின்றுதான் பார்ப்பாள். நடுச்சாமத்தில் நெல் குத்துவாள், மூன்று மணிக்குக் கிணற்றில் தண்ணீர் இறைப்பாள், விடிவதற்குள் வாசலை இரண்டு தடவை பெருக்குவாள். "உட்காராத மகராசி" என்று தெருவே சொல்லும். செத்தபோதும் அதைச் சொல்லித்தான் அழுதார்கள். எங்களுக்காக உழைத்து உழைத்துத் தேய்ந்தாள் என்று நானும் அழுதேன். பாதி நாள் அவள் கால் உளைந்திருக்கிறது. ஒருவரிடமும் சொல்லாமல், அந்த உளைச்சலில் ஒரு குடும்பத்துக்குத் தண்ணீர் இறைத்திருக்கிறாள்.

போன பொங்கல் லீவுக்கு மூத்தவன் குடும்பத்தோடு வந்திருந்தான். இப்போது வாரத்துக்கு இரண்டு ராத்திரிதான் கால் உளைகிறது. அது அப்படியொரு ராத்திரி. ஒரு மணிக்கு எழுந்தேன். சும்மா நடப்பானேன் என்று பரணிலிருந்து அந்தப் பத்து லிட்டர் குக்கர்களில் ஒன்றை இறக்கிவந்து, நின்றபடியே தேய்க்க ஆரம்பித்தேன். ஒருநாளும் அடுப்பேறாத குக்கர். மருமகள் தூக்கக் கண்ணோடு வந்து, "அத்தை, இந்த நேரத்துல எதுக்கு? படுங்க" என்றாள். "ஆச்சு, ஆச்சு" என்றேன்.

காலையில் வாசலில் பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் சொல்வது கேட்டது: "எங்க அத்தை ஒரு நிமிஷம் சும்மா உக்கார மாட்டாங்கக்கா."

டீயை ஆற்றிக்கொண்டே கேட்டேன். திருத்தவில்லை.